புது ரகத்துக்குக் காசு போடுவது யார்?

2025 ஜூன் 8
பெரம்பலூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "போன ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் ஒரே நாளில் 109 புது ரகங்களை வெளியிட்டார்கள். அதில் ஒன்றுகூட எங்கள் ஊர் வயலுக்கு வந்து சேரவில்லை. நான் வாங்கும் பருத்தி, மக்காச்சோளம், தக்காளி விதை எல்லாம் தனியார் பாக்கெட்தான். ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கொட்டும் பணத்தை நிறுத்திவிட்டு, அதை விதை மானியமாக எங்கள் கணக்கில் போட்டால் என்ன? ரகம் உருவாக்குவது இனிமேல் கம்பெனிகளின் வேலைதானே?"

ஜூன் 8, இரவு 10 மணி
இல்லை.

ஜூன் 8, இரவு 10.40
ஒற்றைச் சொல்லோடு படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. ஐயா, நீங்கள் சொன்ன மூன்று பயிரையும் கவனியுங்கள். மூன்றும் ஒவ்வொரு பருவமும் புதிதாக விதை வாங்க வேண்டியவை. இப்போது உங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். சோறு பொன்னியா, பிபிடியா? இட்லிக்குப் போட்ட உளுந்து எந்த ரகம்? சட்னியில் கடலை? அவற்றில் எத்தனை ரகம் கம்பெனியில் பிறந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டைக்கும் (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) உளுந்துக்கும் விதைப் பண்ணை வைத்திருப்பவன். எனக்கு இதில் சொந்த நலன் உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 9
வீரிய ஒட்டு விதையின் சங்கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பெற்றோர் வழிகளைக் கலந்தால் முதல் தலைமுறை ஒரே சீராக, வீரியமாக வரும். அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் நெட்டையும் குட்டையுமாகச் சிதறும். அதனால் விவசாயி ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். நெல்லும் மல்லாட்டையும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. ஒருமுறை வாங்கினால் கலவன் (ஊடே நிற்கும் வேறு ரகச் செடி) பார்த்து எடுத்துவிட்டு நாலைந்து ஆண்டு சொந்த விதையிலேயே ஓட்டலாம். கம்பெனி நடத்துகிறவர் எதில் முதல் போடுவார்? நானாக இருந்தாலும் பருத்தியில்தான் போடுவேன்.

ஒரு கொசுறு. பருத்தியில் வணிகத்துக்கு வந்த முதல் வீரிய ஒட்டு எச்-4. ஆண்டு 1970. பிறந்தது குஜராத்தின் சூரத்தில் இருந்த அரசு ஆராய்ச்சிப் பண்ணையில். இன்று நீங்கள் வாங்கும் பருத்தி விதைப் பாக்கெட்டுக்குத் தாத்தா அது.

ஜூன் 11
மழை. வயலுக்குப் போக முடியாததால் இன்று நீளமாக எழுதுகிறேன்.

1912ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் கோயம்புத்தூரில் நெல்லுக்கு ஒன்று, கரும்புக்கு ஒன்று என இரண்டு நிலையங்கள் தொடங்கின. அதே ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பயிர் இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் கதை பிறகு.

கோவை நெல் நிலையத்தில் பார்னெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி கோணமணி நெல்லிலிருந்து ஒரு செடியைப் பிரித்தெடுத்தார். 1921இல் அது ஜிஇபி 24 என்று வெளிவந்தது. கிச்சிலிச் சம்பா என்றால் வயதானவர்களுக்கு வாயூறும், அதுதான் இது. இனி வாரிசுகளைப் பாருங்கள். ஜிஇபி 24ஐயும் கோ 18ஐயும் கலந்து திருவள்ளூர் பக்கம் திரூர்க்குப்பத்தில் டிகேஎம் 6 வந்தது. அது தண்டுத் துளைப்பானைத் தாங்கும் நெல். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை வாங்கி ஐஆர் 20இல் சேர்த்தார்கள், பிறகு ஐஆர் 36இலும் சேர்த்தார்கள். ஐஆர் 36 1980களில் உலகத்தில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் நின்ற நெல். திரூர்க்குப்பத்துக்கு ரயிலில் போய்ப் பாருங்கள். இவ்வளவு பெரிய பேரன் இந்த ஊருக்கா என்று இருக்கும்.

இன்னொரு கிளை தஞ்சாவூர்ப் பக்கம் போனது. கட்டாக்கில் ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலக்கும் திட்டம் ஒன்று 1950களில் நடந்தது. நூற்றுக்கணக்கான கலப்புகளைச் செய்தார்கள். தேறியது கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று ஆடுதுறை 27, அதற்கும் ஒரு பெற்றோர் ஜிஇபி 24. இன்னொன்று மலேசியாவில் வெளிவந்த மசூரி. அதுவே நம்மிடம் பொன்னியாகத் திரும்பி வந்தது. மூன்றாவது கிளை ஆந்திராவின் பாபட்லாவில்: ஜிஇபி 24, தைவானின் குட்டை நெல்லான தைச்சுங் நேட்டிவ் 1, மசூரி மூன்றும் சேர்ந்து 1986இல் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி.

நூறு ஆண்டுக்கு முன்பு சென்னை மாகாண அரசு ஓர் அதிகாரிக்கும் சில ஏக்கருக்கும் செலவழித்த பணம் 1986இலும் வட்டி கொடுத்திருக்கிறது. கட்டாக் திட்டத்தின் கணக்கைத் திட்டம் முடிந்த ஆண்டில் போட்டிருந்தால் பெரும் நட்டம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஜூன் 11, மாலை
ஜிஇபி என்பது ஊர்ப் பெயரா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, அது பதவிப் பெயர். 'அரசுப் பொருளாதாரத் தாவரவியலர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பதவிப் பெயரை நெல்லுக்கு வைத்தது நல்லதுதான். சொந்தப் பெயரை வைத்திருந்தால் கிச்சிலிச் சம்பாவைப் பார்னெல் சம்பா என்று தின்றுகொண்டிருப்போம்.

ஜூன் 15
பெரம்பலூர் நண்பர் விடவில்லை. "பழங்கதை போதும், இன்றைய கணக்கைச் சொல்லுங்கள்" என்கிறார். சரி.

மத்திய அரசில் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது: 2023-24இல் ஏறத்தாழ 9,504 கோடி ரூபாய், 2024-25இல் 9,941 கோடி, 2025-26இல் 10,466 கோடி. பார்க்க ஏறுமுகம்தான். சதவீதம் போட்டால் 4.6, பிறகு 5.3. விலைவாசி ஏற்றமும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடியது. அதைக் கழித்தால் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. வேளாண்மை ஈட்டித் தரும் மதிப்பில் ஆராய்ச்சிக்குப் போவது அரை சதவீதத்துக்கும் கீழே. ஒரு சதவீதம் வேண்டும் என்று குழுக்கள் பரிந்துரைப்பதும் அது அலமாரிக்குப் போவதும் நான் மாணவனாக இருந்த காலத்திலிருந்தே நடக்கிறது.

இந்தப் பத்தாயிரம் கோடியில் ரகம் உருவாக்கப் போவது எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க முடியாது. மாடு, மீன், பல்கலைக்கழகம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே பானையில் இருக்கின்றன. பயிர் அறிவியல் என்று ஒரு தலைப்பு உண்டு, அதற்குள் பூச்சியும் நோயும் விதையும் கலந்திருக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மாநில அரசு கொடுப்பது தனி. ஆகவே "இனப்பெருக்கத்துக்கு அரசு இத்தனை கோடி கொட்டுகிறது" என்று யாராவது ஒரு தொகையைச் சொன்னால், எங்கே எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது என்பது மட்டும் ஐயமில்லாத செய்தி.

ஜூன் 16
மேலே சம்பளத்தைப் பற்றி எழுதிய தொனி எனக்கே பிடிக்கவில்லை. பயிர் இனப்பெருக்கத்தில் சம்பளம் வீண் செலவு இல்லை. இரண்டாயிரம் வரிசைகளில் இருந்து இருபது செடியைக் கண்ணால் பொறுக்கும் ஆள்தான் அங்கே இயந்திரம். சிக்கல், சம்பளத்தைக் கொடுத்துவிட்டுக் களத்துக்குக் காசு கொடுக்காமல் விடுவதில் இருக்கிறது. டிரைவரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு டீசலுக்குக் காசில்லை என்று லாரியை நிறுத்தி வைப்பதைப் போன்றது.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. 2003இல் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றில் தொகுப்பூதிய உதவியாளனாக இருந்தேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். பயிர் மல்லாட்டை.

மல்லாட்டையில் ஒட்டுக் கட்டுவது, அதாவது இரண்டு ரகத்தைக் கலப்பது, எப்படி என்று பார்த்திருக்கிறீர்களா? மறுநாள் விடியலில் விரியப் போகும் மொட்டை முந்தைய மாலையே பிடிக்க வேண்டும். நெல்மணி அளவு மொட்டு. முனை மெலிந்த இடுக்கியால் இதழை விலக்கி மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். பூவின் காம்பு போல் தெரிவது காம்பு இல்லை, உள்ளே சூலகத்துக்குப் போகும் குழாய். அது ஒடிந்தால் போயிற்று. விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவி, அந்தக் கணுவில் சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். பூவிலிருந்து நீளும் விழுது மண்ணுக்குள் இறங்கிவிட்டால் எந்தக் காய் கலப்பு, எந்தக் காய் தன் காய் என்று நூலை வைத்துத்தான் சொல்ல முடியும். நூறு பூவைத் தொட்டால் முப்பது காய் தேறினால் பெரிது.

எங்களிடம் இதைச் செய்தவர் அறுபது ரூபாய் நாள் கூலிக்கு வந்த ஓர் அக்கா. எனக்குப் பட்டம் இருந்தது, கை நடுங்கியது. அவருக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. ஒரு மாலையில் நாற்பது மொட்டு முடிப்பார், ஒன்றும் ஒடியாது. நூல் கட்டும்போது மட்டும் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு மூச்சை அடக்கிக்கொள்வார்.

இரண்டாம் ஆண்டு ஒதுக்கீட்டு ஆணை வரத் தாமதமானது. ஆணை இல்லாமல் தற்காலிக ஆள் வைக்கக் கூடாது. செடி முற்றிவிட்டது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொத்து ரகத்துக்கு உறக்க காலம் இல்லை. முற்றிய காய் ஈர மண்ணில் ஒரு வாரம் கிடந்தால் அங்கேயே முளைத்துவிடும். பத்து நாள் கழித்துப் பிடுங்கியபோது சிவப்பு நூலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்துக் கலப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆணை பிறகு வந்தது, தொகையில் ஒரு ரூபாயும் குறையாமல். ஆண்டறிக்கையில் நிதிப் பயன்பாடு நூறு சதவீதம்.

ஜூன் 17
நேற்று எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். கைக்காசில் நான்கு ஆளைப் பத்து நாளைக்கு வைத்திருக்கலாம். சம்பளம் அந்த வாரம்தான் கையில் வந்திருந்தது. நிலையத்தின் தலைக்கு மேல் நான் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அந்த அக்கா கூலியில்லாமலே இரண்டு மாலை வந்து, நூல் கட்டிய செடிகளை மட்டும் பிடுங்கித் தந்தார். தப்பித்த பாதி அதனால்தான் தப்பித்தது.

ஜூன் 22
கேம்பிரிட்ஜ் கதை.

1912இல் தொடங்கிய நிலையம் பின்னாளில் ட்ரம்பிங்டனில் மாரிஸ் லேன் என்ற தெருவுக்குப் போனது. அங்கே பிறந்த ரகங்களுக்குத் தெருப் பெயரையே வைத்தார்கள். கோதுமையில் மாரிஸ் ஹன்ட்ஸ்மன், உருளையில் மாரிஸ் பைப்பர். இங்கிலாந்தில் மீனோடு தின்னும் உருளைக்கிழங்கு வறுவலுக்கு இன்றைக்கும் மாரிஸ் பைப்பர்தான் பேர்போனது. அது 1966இன் ரகம். 1964இல் ரக உரிமைச் சட்டம் வந்த பிறகு நிலையத்துக்கு உரிமத் தொகையும் வந்துகொண்டிருந்தது. அதாவது ஓடிக்கொண்டிருந்த கடை. தாட்சர் அரசு 1987இல் அதை யூனிலீவருக்கு 6.6 கோடி பவுண்டுக்கு விற்றது. 1998இல் யூனிலீவர் அதையே அமெரிக்க விதைக் கம்பெனியான மான்சான்டோவுக்கு 32 கோடி பவுண்டுக்கு விற்றது. ஆறே ஆண்டில் மான்சான்டோ கோதுமைப் பகுதியை ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது. மாரிஸ் தெருப் பக்கத்து ஆய்வு வயலில் இப்போது வீடுகள் இருக்கின்றன.

தனியாரிடம் போனால் இதுதான் கதி.

ஜூன் 24
இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவர் என்னைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். "கதி" என்று எழுதினீர்களே, அங்கே கோதுமை ரகங்கள் வருவது நின்றுவிட்டதா என்கிறார். நிற்கவில்லை. பல கம்பெனிகள் போட்டி போட்டு ரகம் விடுகின்றன. காரணம், விவசாயி சொந்த விதையை மறுபடி விதைத்தாலும் ரகத்துக்குரியவருக்கு ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒருபடி மேல்: விதைக்கும்போது ஒன்றும் இல்லை, அறுவடையைக் கொண்டுபோய்க் கொட்டும்போது டன்னுக்கு ஏறத்தாழ 3 டாலர் பிடித்துக்கொள்கிறார்கள். விளைந்தால் கொடு, விளையாவிட்டால் வேண்டாம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆகவே "கதி"யை வாபஸ் வாங்குகிறேன். விலை குறைத்து விற்றார்கள் என்பதை வாபஸ் வாங்கவில்லை.

உடனே ஒருவர், நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் அப்படிப் பிடிக்கலாமே என்கிறார். வாருங்கள், நடத்திப் பார்ப்போம். ஈரப்பதம் 17க்கு மேல் என்று ஒரு வாக்குவாதம், மூட்டைக்கு இவ்வளவு என்று இன்னொரு வாக்குவாதம், அதற்குப் பிறகு "இது ஆடுதுறை 39ஆ, கோ 51ஆ" என்று மூன்றாவது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தைப்பொங்கலையும் அங்கேயே கொண்டாடலாம்.

தவிர, நம் சட்டம் வேறு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வணிக முத்திரை போடாமல் விற்கவும் செய்யலாம். நான் இதன் பக்கம்தான். ஆனால் இதன் பக்கம் நிற்பவன், நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் தனியார் பணம் வராது என்பதையும் ஒத்துக்கொண்டு அரசுப் பணத்தைக் கேட்க வேண்டும். உரிமையும் வேண்டும், நிலையத்தையும் மூடு என்றால் ரகம் வானத்திலிருந்தா விழும்?

ஜூன் 29
அமெரிக்கா பற்றிக் கேட்டவருக்கு. அங்கே ஆட்களையே எண்ணியிருக்கிறார்கள். அயோவாவின் கென்னத் ஃப்ரே 1994ஆம் ஆண்டு நிலவரத்தைத் திரட்டி 1996இல் வெளியிட்டார். நாட்டில் மொத்தம் 2,205 இனப்பெருக்க விஞ்ஞானிகள். தனியாரில் 1,499, மாநில ஆய்வு நிலையங்களில் 529, மத்திய வேளாண் துறையில் 177. 1990 முதல் 1994 வரை மாநில நிலையங்களில் ஆண்டுக்கு 2.5 பேர் குறைய, தனியாரில் ஆண்டுக்கு 32 பேர் கூடினார்கள். மக்காச்சோளத்தில் மட்டும் 500க்கு மேல் தனியார் பக்கம். கோதுமையில் அரசுப் பக்கம்தான் கனம். மறுபடியும் அதே கதைதான்: விதை வாங்கியே ஆக வேண்டிய பயிருக்குக் கம்பெனி, மற்றதற்கு அரசு.

ஜூன் 30
திருத்தம். 2.5 பேர் எப்படிக் குறைவார்கள், அரை ஆளா என்று கேலி செய்தவருக்கு நன்றி. அது தலை எண்ணிக்கை இல்லை, ஆள்-ஆண்டுக் கணக்கு. பாதி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் பாதி நேரம் வயலில் நிற்பவர் அரை என்று கணக்கில் வருவார். 2,205 "விஞ்ஞானிகள்" என்று எழுதியதையும் 2,205 ஆள்-ஆண்டு என்று திருத்திப் படிக்கவும். இந்தக் கணக்கை நம் நாட்டுக்குப் போட்டால், வகுப்பு, தேர்வுத் தாள், கண்காட்சி, அமைச்சர் வருகை எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஜூலை 6
பருத்திக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பெரம்பலூர் நண்பர் அதை விடமாட்டார். தனியார் முதலீடும் அரசின் சொல்லுக்கு ஆடுகிறது என்பதற்குப் பருத்தியே சாட்சி. 2016இல் மத்திய அரசு பாக்கெட் விலையை 800 ரூபாய் என்று கட்டியது. அதில் காய்ப்புழுவைத் தாங்கும் மரபணுவின் உரிமைக்கு 49 ரூபாய். பிறகு 39, பிறகு 20, 2020இல் சுழியம். அதே 2016இல் மான்சான்டோவின் இந்தியக் கூட்டாளி அடுத்த தலைமுறைப் பருத்திக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாங்குகிறவனாக எனக்கு விலைக்கட்டு பிடிக்கும். காய்ப்புழுவுக்கு இரண்டாம் முறை மருந்தடிக்கிறவனாக அது பிடிக்குமா என்று என்னையே கேட்டுக்கொண்டால் பதில் சட்டென்று வருவதில்லை.

ஜூலை 13
இன்று மல்லாட்டைக் கணக்கு. இதை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டாம்.

நெல்: ஏக்கருக்கு 30 கிலோ விதை, 1,800 கிலோ விளைச்சல் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அறுபது மடங்கு. கையில் 10 கிலோ புது ரகம் இருந்தால் மூன்று பருவத்தில் 2,160 டன். 72,000 ஏக்கருக்குப் போதும்.

மல்லாட்டை: ஏக்கருக்கு 80 கிலோ காய் விதைக்கு வேண்டும், 800 கிலோ வரும். பத்து மடங்கு. அதே 10 கிலோ மூன்று பருவத்தில் 10 டன். 125 ஏக்கர்.

அதனால்தான் 1940இல் வந்த டிஎம்வி 2 பல தலைமுறை தாண்டியும் தென்னிந்தியாவில் விதைக்கப்பட்டது. எங்கள் திண்டிவனத்து ரகம் என்ற பெருமை எனக்கு உண்டு. வெட்கமும் உண்டு. அந்த எண்பது ஆண்டில் அதைவிட நல்ல ரகங்கள் எத்தனையோ வந்தன. வந்தவை சாக்கில் ஏறவில்லை. வல்லுநர் விதை மஞ்சள் அட்டையோடு நிலையத்தில் பிறக்க வேண்டும், அதிலிருந்து வெள்ளை அட்டை ஆதார விதை, அதிலிருந்து நீல அட்டை சான்று விதை. ஒவ்வொரு படியிலும் களம், காயவைக்க வெயில், வண்டு புகாத கிடங்கு எல்லாம் வேண்டும். கடலைக்கு முளைப்புத்திறன் ஓர் ஆண்டைத் தாண்டுவது கஷ்டம், பருவம் தப்பினால் விதையெல்லாம் எண்ணெய்க்குத்தான்.

பெரம்பலூர் நண்பரே, உங்கள் 109க்கு இப்போது பதில் சொல்கிறேன். கோபம் நியாயம். ரகத்தை வெளியிடுவது ஒரு மேடை, ஒரு மாலை வேலை. அதை மூட்டையாக்குவது மூன்று நான்கு ஆண்டு. முன்னதற்குப் புகைப்படம் உண்டு, பின்னதற்குக் கிடையாது. ஆனால் உங்கள் கோபத்திலிருந்து "நிலையத்தை மூடு" என்பது வரவில்லை, "கிடங்கைக் கட்டு" என்பதுதான் வருகிறது.

ஜூலை 14
"அப்படியானால் புது ரகம் குறைவாகவே போதுமே, பழைய நல்ல ரகத்தையே நன்றாகப் பெருக்கலாமே" என்கிறார் ஒருவர். பாதி சரி. மறுபாதிக்கு உத்தரப்பிரதேசக் கரும்பைப் பாருங்கள்.

கோவை கரும்பு நிலையம் 1918இலேயே பஞ்சாபுக்குக் கோ 205 கொடுத்தது. தென்னாட்டு வெள்ளைக் கரும்பையும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் கலந்தது. வடக்கின் கரும்பைக் கோவையில் உருவாக்கக் காரணம், கரும்பு இங்கே நன்றாகப் பூக்கும். அதே நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009இல் வந்தது கோ 0238. விளைச்சலும் சர்க்கரையும் ஒருசேரக் கூடின. ஆலையும் கொண்டாடியது, விவசாயியும் கொண்டாடினார். ஒரு கட்டத்தில் உத்தரப்பிரதேசக் கரும்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அது ஒன்றுதான். பிறகு செவ்வழுகல் நோய் புகுந்தது. கரும்பு கரணையில் (வெட்டிய தண்டுத் துண்டில்) நடப்படுவது, நோயும் கரணையோடு அடுத்த வயலுக்குப் போகும். இப்போது அதை அகற்றச் சொல்லி அரசே கெஞ்சுகிறது.

புது ரகத்துக்குப் போடும் பணத்தில் ஒரு பங்கு முன்னேறப் போவதில்லை, இருக்கிற இடத்தில் நிற்கத்தான் போகிறது. ஏரிக்கரைக்கு ஆண்டுதோறும் மண் போடுவதைப் போல. கரை உடைகிற ஆண்டு வரை அது வீண் செலவாகத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 3
மூன்று வாரமாக எழுதவில்லை, ஆடி விதைப்பு. இடையில் மரபணு திருத்திய நெல் பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மே 4ஆம் தேதி இரண்டை அறிவித்தார்கள். ஒன்று ஹைதராபாத் நெல் நிலையத்தின் டிஆர்ஆர் தன் 100, கமலா என்று பெயர். இன்னொன்று டெல்லியின் பூசா டிஎஸ்டி 1, எம்டியு 1010 என்ற நெல் ரகத்திலிருந்து வந்தது. கமலா எதிலிருந்து வந்தது தெரியுமா? சம்பா மசூரி. ஆமாம், பார்னெலின் செடி மறுபடியும் வந்துவிட்டது. ஏறத்தாழ இருபது நாள் முன்னதாக அறுக்கலாம், விளைச்சலும் கூடும் என்று சொல்கிறார்கள். என் வயலில் நிற்கும்வரை நான் "சொல்கிறார்கள்" என்றுதான் எழுதுவேன்.

பணக் கணக்கில் இது கவனிக்க வேண்டிய செய்தி. 2023-24இல் மரபணுத் திருத்தத்துக்கு என்று தனியாக 500 கோடி ஒதுக்கியதாக அறிவித்தார்கள். பெரிய தொகை. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த நுட்பத்தின் காப்புரிமைகள் வெளிநாட்டில் இருக்கின்றன, விதை விற்பனைக்கு வரும்போது உரிமம் யார் பெயரில், யார் செலவில் என்பதைத் தெளிவாக்க வேண்டும். ஆய்வகத்தில் திருத்திய செடியும் கடைசியில் வயல் வரிசைக்குத்தான் வர வேண்டும். வரிசையில் நடக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி ஆணை ஐப்பசிக்கு முன் வர வேண்டும்.

ஆகஸ்ட் 4
"உங்களுக்கு எல்லாம் அந்தச் சிவப்பு நூலிலேயே வந்து முடிகிறது" என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். முடியட்டுமே.

ஆகஸ்ட் 17
பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் சம்பா மசூரி என்ன ஆயிற்று என்று தஞ்சைப் பக்கத்திலிருந்து கேள்வி. அது 2008இல் ஹைதராபாத்தில் இரண்டு அரசு நிறுவனங்கள் சேர்ந்து கொடுத்தது. மூன்று எதிர்ப்பு மரபணுக்களைப் பழைய முறைக் கலப்பிலேயே ஏற்றியது. கருகல் அடிக்கும் வயலாக இருந்தால் தேடி வாங்கலாம். இல்லையென்றால் சாதாரண பிபிடியே போதும்.

டிசம்பர் 7
பெரம்பலூர் நண்பர் எழுதியிருக்கிறார். இந்த முறை விவாதம் இல்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு தின்றது போக மிச்சம் ஒன்றுமில்லையாம். மார்கழிப் பட்டத்துக்கு இரண்டு ஏக்கரில் கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை போடலாமா, எந்த ரகம், விதை எங்கே கிடைக்கும் என்கிறார்.

போடலாம் ஐயா. உங்கள் செம்மண்ணுக்குக் கொத்து ரகமே போடுங்கள், கொடி ரகம் வேண்டாம், பிடுங்க ஆள் கிடைக்காது. முதலில் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். சிட்டா நகலும் ஆதாரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், இருப்பு வந்த இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். அங்கே இல்லையென்றால் ஆந்திராவின் கதிரி நிலையத்து ரகங்களை நம் பக்கத்து விதைப் பண்ணைக்காரர்கள் சிலர் வைத்திருக்கிறார்கள், சான்று அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏக்கருக்கு 80 கிலோ காய், விதைக்கும் வாரத்தில்தான் உடைக்க வேண்டும், மெஷினில் போடாமல் கையால். சொட்டையும் உடைசலும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையைப் பிரித்ததும் தூக்கி எறியாதீர்கள், அறுவடை முடியும்வரை ரசீதோடு வைத்திருங்கள். முளைப்பு மோசமானால் அதைக் காட்டித்தான் கேட்க முடியும்.